உள்ளே போனதற்கு ஒரு சீட்டு

எங்கள் அப்பா தையல்காரர். துணி கொண்டுவருகிறவர்களுக்கு அளவெடுத்து முடித்ததும் ஒரு சீட்டு கிழித்துக் கொடுப்பார். பெயர், தேதி, எத்தனை மீட்டர், என்றைக்குத் தருவார் என்பதெல்லாம் அதில் இருக்கும். தன்னிடம் வைத்துக்கொள்ளும் மறுபாதியில் அந்தத் துணியிலிருந்து விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டிக் குத்திவைப்பார். சாதாரண ஜாக்கெட் துணிக்கும் அவர் கடையில் அந்த மரியாதை உண்டு.

1994-ல் ஓர் இரவு, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏட்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். கடைத்தெருவில் திருட்டுப் போயிருந்தது. "சும்மா ஒரு விசாரணைதான், ஐயா கூப்பிடுறாரு, வந்துட்டுப் போயிருங்க" என்றார். அப்பா கைகழுவிச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் காலையில், மூன்று வெள்ளைத்தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பாதங்கள் வீங்கிப்போய், மெஷின் பெடலை மறுபடி மிதிக்க அவருக்கு ஒரு மாதத்துக்கு மேலானது. திருடியவன் வேறு ஊரில் பிடிபட்டான். புகார் கொடுக்கலாமென்று அம்மா ஒரு வக்கீலிடம் போனார். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஸ்டேஷன்ல வச்சிருந்தாங்கங்கிறதுக்கு என்னம்மா ஆதாரம்?" எங்களிடம் ஒன்றுமே இல்லை.

தாலுகா நீதிமன்றத்தில் 22 ஆண்டுகளாக வழக்கு நடத்தும் நான், அதே கேள்வியை இப்போது என்னிடம் அழுதுகொண்டு வரும் அம்மாக்களிடம் கேட்கிறேன். பெரும்பாலும் அவர்கள் கையிலும் ஒன்றும் இருப்பதில்லை.

'சும்மா விசாரணை' என்றொரு நிலை நம் சட்டத்தில் கிடையாது. எழுத்து மூலம் அழைக்கப்பட்டு, பதில் சொல்லிவிட்டு வீடு திரும்பும் சுதந்திரமான மனிதராக நீங்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கைதானவராக இருக்க வேண்டும். கைதானால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது கூறு. ஆனால் கைது என்று எழுதினால்தானே அந்தக் கடிகாரம் ஓடும்? எழுதாத வரை ஒரு மனிதர் எத்தனை இரவு உள்ளே கிடந்தாலும் கணக்கில் வரமாட்டார். அடி விழுவதும் அந்தக் கணக்கில்லாத நேரத்தில்தான்.

2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர், நகை காணாமல்போன புகாரில் தனிப்படையால் விசாரிக்கப்பட்டு உயிரிழந்தார். அந்தப் புகாருக்கு அப்போது எஃப்.ஐ.ஆர்.கூடப் போடப்படவில்லை. 2020-ல் சாத்தான்குளம் போலீஸார் கைது செய்த தந்தையும் மகனும் இறந்த பிறகு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், காவல் நிலையத்தின் சி.சி.டி.வி. பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். ஓரிடத்தில் தாள் இல்லை, இன்னோரிடத்தில் படம் இல்லை.

ஆகவே, போலீஸ் கூப்பிட்டால் தாள் கேளுங்கள். சண்டை வேண்டாம், ஓடவும் வேண்டாம். "சம்மன் கொடுங்க சார், வர்றேன்" என்று சொன்னால் போதும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவு, சாட்சியை எழுத்து மூலமே அழைக்கச் சொல்கிறது. பெண்கள், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள், 60 வயது கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால், அவர்கள் இருக்கும் இடத்துக்கு அதிகாரிதான் போக வேண்டும். உங்கள் மேலேயே சந்தேகம் என்றால் 35(3) பிரிவில் நோட்டீஸ் வர வேண்டும். அதை மதித்துக் கட்டாயம் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த நோட்டீஸ் முறைப்படி சேர்ந்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லிவிட்டது.

விசாரணையில் உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி வழக்கில், 1978-லேயே நீதிபதி கிருஷ்ணய்யர் இதை விரித்து எழுதினார். புலன்விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது என்பதே சட்டம். வெள்ளைத்தாளில் ஒருபோதும் போடாதீர்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும். நேரம் குறித்த கைதுக் குறிப்பில் சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், முழு நேரமும் அவர் கூடவே இருக்கத்தான் முடியாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழைக்கலாம்.

"இதையெல்லாம் ஸ்டேஷன்ல பேசினா இன்னும் ரெண்டு அடி சேர்த்து விழும் மேடம்" என்று என் கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அந்தப் பயத்தை நான் மறுக்கமாட்டேன். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால்தான் தனி ஒருவர் தைரியத்தின் மேல் இந்தச் சுமையை ஏற்றக் கூடாது என்கிறேன். விசாரணைக்கு உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும், எந்த வழக்கு, யார் அழைத்தது, எத்தனை மணிக்கு வந்தார் என்று எழுதி ஒரு சீட்டு கொடுப்பதைத் தமிழ்நாடு அரசு கட்டாயமாக்க வேண்டும். மறுபாதியை வாசலில் காத்திருக்கும் குடும்பத்திடம் தர வேண்டும். கேட்டு வாங்கும் நிலையே இருக்கக் கூடாது. வேலைப்பளுவில் இதற்கெல்லாம் நேரமில்லை என்று காவலர்கள் சொல்லக்கூடும். புகார் கொடுப்பவருக்கு சி.எஸ்.ஆர். ரசீது எழுதித் தரும் அதே மேசைதானே? நேர்மையாக விசாரிக்கும் அதிகாரியைப் பொய்ப் புகாரிலிருந்து காப்பதும் அந்தச் சீட்டுதான்.

அப்பாவுக்கு இப்போது 78 வயது. பழைய சீட்டுப் புத்தகங்கள் இன்னும் பரணில் இருக்கின்றன. 1994-ஆம் வருடத்துப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். யார் வீட்டு ரவிக்கை எந்தத் தேதியில் எங்கள் கடைக்குள் வந்தது, எப்போது திரும்பிப் போனது என்பதை என்னால் இன்றும் காட்ட முடியும். அவர் உள்ளேயிருந்த அந்த இரண்டு இரவுகளுக்கு மட்டும் எங்கும் ஒரு சீட்டு இல்லை.