மாவீரனைப் படைத்தவர்களுக்கு நீதி தந்தது யார்?

மனித ஆற்றலை விஞ்சிய நாயகர்களைப் படைப்பது வெறும் பொழுதுபோக்கு எனச் சிலர் ஒதுக்குகின்றனர். அது சரியன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு ஏழை இளைஞர்கள் சூப்பர்மேனைப் படைத்தது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலத்தில்தான். 1938இல் வெளியான ஒரு தொடக்கக் கதையில், பாதுகாப்பற்ற சுரங்கத்தின் முதலாளியை அதனுள்ளேயே சிக்கவைத்து, தொழிலாளர் அன்றாடம் எதிர்கொள்ளும் ஆபத்தை அவன் உணர்த்துகிறான்.

ஆனால், அந்த நாயகனின் முழு உரிமையும் வெறும் 130 டாலருக்கு எழுதி வாங்கப்பட்டது. பதிப்பகம் பெரும் இலாபம் குவித்தது. உரிமை கோரி வழக்குத் தொடுத்த படைப்பாளிகளின் பெயர்களோ இதழிலிருந்து நீக்கப்பட்டன. வறுமை அவர்களைத் தொடர்ந்தது. 1975இல் சக ஓவியர்களும் எழுத்தாளர்களும் ஒன்றுதிரண்டு குரலெழுப்பிய பின்னரே, இருவருக்கும் ஆண்டுக்குத் தலா 20,000 டாலர் ஓய்வூதியம் கிடைத்தது. பெயர்களும் மீண்டும் இடம்பெற்றன.

தனியொருவனாக அநீதியை வீழ்த்தும் வீரனைக் கற்பனை செய்தவர்களுக்கே, கூட்டுப் போராட்டம்தான் ஓரளவேனும் நீதி பெற்றுத் தந்தது. நம் இளம் படைப்பாளிகளும் வானில் பறக்கும் நாயகர்களைத் தாராளமாகப் படைக்கட்டும். அதே வேளையில், உரிமையை எழுதிக் கொடுக்கும் முன் சங்கமாகத் திரளவும் வேண்டும்.