விடுதலையாகி வருகிறவன் கையில் என்ன இருக்கிறது?

முதலியார்பேட்டையில் இருந்து காலாப்பட்டுக்குப் போக வேண்டுமானால், புதுவை நகரத்தைக் கடந்து, கடற்கரைச் சாலையில் வடக்கே போக வேண்டும். அங்கேதான் மத்திய சிறை இருக்கிறது. முன்பு சிறைச்சாலை நகரின் நடுவே, நேரு வீதியில் இருந்தது. முதலியார்பேட்டைத் தாய் ஒருத்தி நடந்தே போய் மகனைப் பார்த்துவிட்டு வரலாம். இப்போது பஸ் செலவு. ஒரு நாள் கூலியும் போய்விடும்.

தண்டனை மகனுக்கு. அதில் பாதியை அனுபவிப்பது வீடு!

அந்த மகன் ஒருநாள் விடுதலையாவான். காலையில் சிறைக் கதவு திறக்கும். வெளியே வருவான். அவன் கையில் என்ன இருக்கும்? ஒரு துணிப்பை இருக்கும். ஒரு தொழில் இருக்குமா? கொஞ்சம் பணம் இருக்குமா? அரசாங்கம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

தோட்டம் போட்ட கைதிகள்

சிறையில் இருப்பவர்களுக்கு உழைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. காலாப்பட்டு சிறையில் சில ஆண்டுகளுக்கு முன் கைதிகள் மண்ணைக் கொத்திப் பண்படுத்தினார்கள். ரசாயன உரம் போடாமல் காய்கறியும் பழமும் விளைவித்தார்கள். ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டி அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது. பக்கத்துத் தமிழ்நாட்டில், கைதிகள் பெட்ரோல் பங்குகளையே நடத்துகிறார்கள். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், புழலில் பெண் கைதிகள் மட்டுமே நடத்தும் பங்கு ஒன்று திறக்கப்பட்டது. வண்டிக்கு எண்ணெய் போட்டு, காசை எண்ணி வாங்கி, மீதி கொடுக்கிறார்கள்.

நல்ல காரியம். ஆனால் இது போதாது. தர்ம சிந்தனை உள்ளவர்கள் வந்தால் தோட்டம் நடக்கும். அவர்கள் வராவிட்டால்? நல்ல அதிகாரி இருந்தால் வகுப்பு நடக்கும். அவர் மாற்றலாகிப் போனால்? ஆண்டுதோறும் பட்ஜெட்டில் இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கினால்தான் வேலை தொடர்ந்து நடக்கும்.

எந்தத் தொழிலைக் கற்றுக் கொடுப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். சிறை என்றால் தறி என்பது பழைய வழக்கம். நெசவு கற்றவன் முதலியார்பேட்டைக்குத் திரும்பினால் எந்த மில்லில் போய்ச் சேருவான்? 1898-இல் தொடங்கிய ஏ.எப்.டி. மில்லையே 2020-இல் மூடிவிட்டார்கள்! இன்று வேலை இருப்பது குழாய் ரிப்பேரில், மின்சார வேலையில், குளிர்சாதனப் பெட்டி ரிப்பேரில், சமையலில். அதற்கு ஆசிரியர் வேண்டும், கருவிகள் வேண்டும். கையில் ஒரு சான்றிதழும் வேண்டும். அதில் சிறையின் பெயர் இருக்கக் கூடாது. இருந்தால் எந்த முதலாளியும் முதல் வரியோடு மடித்து வைத்துவிடுவார்.

கூலி எங்கே?

கூலியின் அருமையைப் புதுவைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1936-ஆம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி, பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் மில் தொழிலாளர்கள் 12 பேர் உயிர் விட்டார்கள். நியாயமான கூலிக்கும், 8 மணி நேர வேலைக்கும் போராடிய ஊர் இது.

கைதியின் உழைப்புக்கும் நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அந்தக் கூலியில் ஒரு பகுதி, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னது. மிகவும் நியாயம். மீதியில் மாதாமாதம் கொஞ்சம் வீட்டுக்குப் போனால், பிள்ளையின் படிப்பு நிற்காது. கொஞ்சம் சேர்த்து வைத்தால், விடுதலை நாளில் கையில் முதல் இருக்கும்.

"ஊரில் ஒழுங்காக இருப்பவனுக்கே வேலை இல்லை. தப்புச் செய்தவனுக்குப் பணமா?" என்று கேட்பார்கள். மில் மூடியதால் வேலை இழந்தவர் இப்படிக் கேட்டால், அதைத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. அவருக்கும் வேலை கொடுக்க வேண்டியதுதான். ஆனால் வெறுங்கையோடு வெளியே வருகிறவன் எங்கே போவான்? அவர் குடியிருக்கும் தெருவுக்குத்தானே வருவான்! பசி முற்றினால் யார் வீட்டுப் பூட்டு உடையும்? பிறகு போலீஸ், கோர்ட்டு, மறுபடியும் சிறை, மூன்று வேளைச் சோறு. அத்தனையும் அதே மக்கள் கட்டும் வரிப்பணம்தான்.

தண்டனை பெறாத கைதிகள்

இன்னொரு விஷயம். 2022-ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதில் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, இவர்கள் குற்றவாளிகள் என்று கோர்ட்டு இன்னும் சொல்லவில்லை! ஜாமீன் கிடைத்தும், பணம் கட்ட வழி இல்லாமல் உள்ளே கிடக்கும் ஏழைகளும் உண்டு.

இவர்களுக்காக 2023-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஏழை விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகையாக 40 ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம் என்றது. அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25 ஆயிரம் வரை என்றது. என்ன நடந்தது? பல மாநிலங்கள் அந்தப் பணத்தைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று, 2025-இல் உள்துறை அமைச்சகமே குறைப்பட்டுக் கொண்டது. பணம் இருக்கிறது. உரிய கைதியைத் தேடிப் பிடித்து, மனு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை!

புதுவை சின்ன ஊர். காலாப்பட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எண்ணிவிடலாம். யாருக்கு என்ன தொழில் தெரியும், யாருக்கு ஜாமீன் பணம் இல்லை என்று பட்டியல் எடுக்க ஒரு மாதம் போதும். தமிழ்நாட்டில், விடுதலையாகி வருகிறவர்களுக்கு உதவ 1921-இலேயே ஒரு சங்கம் அமைத்தார்கள். புதுவைச் சட்டசபை அடுத்த பட்ஜெட்டில் இதற்கென்று ஒரு தொகை ஒதுக்கட்டும். விடுதலை நாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டிக் கருவிகளும், மூன்று மாத அரிசியும், வீடு போய்ச் சேர பஸ் செலவும் அதில் அடங்கட்டும்.