கன்று மட்டும் போதுமா?

ஊறுகாய் ஜாடியில் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டால் வீட்டில் என்ன ரகளை நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். "ஈரக் கரண்டி போட்டது யார்?" என்று விசாரணை ஆரம்பமாகிவிடும். ரொட்டியில் பூத்தால் ரொட்டி குப்பைக்குப் போகும். உடம்பில் படர்தாமரை, நெற்பயிரில் குலைநோய், எல்லாம் பூசணத்தின் கைவரிசைதான். ஆகவே, "மரக்கன்று பிழைக்க வேண்டுமானால் அதன் வேரில் பூசணம் வேண்டும்" என்று நான் சொன்னால், இவனுக்கு என்ன வந்துவிட்டது என்று வாசகர்கள் நினைக்கக்கூடும்.

நினைத்தால் நினைக்கட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மூன்று வருஷங்களுக்கு முன்பு எங்கள் ஊர் ஏரிக்கரையில் மரம் நடு விழா நடந்தது. மேளம், மாலை, போட்டோ எல்லாம் உண்டு. நானும் ஒரு புங்கங்கன்று நட்டேன். கரையைப் பலப்படுத்துவதற்காக ஏரியின் அடியிலிருந்து தோண்டிக் கொட்டிய மண் அது. இரண்டு மாதம் லாரியில் தண்ணீர் வந்தது. அடுத்த கோடையில் போய்ப் பார்த்தேன். கூண்டுகள் நின்றன; உள்ளே குச்சிகள் நின்றன. "ஆடு மேய்ந்துவிட்டது" என்றார் ஒருவர். "தண்ணீர் போதவில்லை" என்றார் மற்றொருவர். இருக்கலாம். ஆனால் என் கன்றின் கூண்டுக்குள் ஆடு தலையை நுழைக்க வழியில்லை. பட்டுப்போன குச்சியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் இன்னும் பாலித்தீன் பையின் வடிவத்திலேயே சுருண்டு கிடந்தது. ஒரு வருஷத்தில் ஒரு விரற்கடை கூட வெளி மண்ணில் கால் வைக்கவில்லை!

பூசணம் இல்லாததுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் என் புகார்.

மண்ணுக்குள் ஒரு வியாபாரம்

வேர் தனியாக உணவு தேடுகிறது என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். உண்மை அப்படியல்ல. உலகிலுள்ள செடி கொடி மரங்களில் மிகப் பெரும்பாலானவை மண்ணிலுள்ள பூசணங்களோடு கூட்டுச் சேர்ந்துதான் வாழ்கின்றன. பூசணத்தின் இழைகள் வேருக்குள் புகுந்துகொள்ளும். மறுபக்கம் மண்ணுக்குள் வலை விரிக்கும். தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் அவை. வேர் நுழைய முடியாத இடுக்கிலெல்லாம் நுழையும்.

இதில் முக்கியமான சரக்கு மணிச்சத்து. தழைச்சத்து தண்ணீரோடு ஓடி வரும். மணிச்சத்து ஓடாது. இருந்த இடத்திலேயே மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேர் தன்னைச் சுற்றியுள்ள ஒரு சிறு வட்டத்தைக் காலி செய்துவிட்டால் பிறகு பட்டினிதான். அந்த வட்டத்துக்கு அப்பாலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுப்பது பூசணம். துத்தநாகமும் இதே வழியில் வருகிறது. கூலியாக மரம் தன் இலையில் சமைத்த சர்க்கரையைக் கொடுக்கிறது. தான் சமைப்பதில் ஐந்தில் ஒரு பங்குவரை கூடக் கொடுப்பதுண்டு. வீணாக யாராவது இவ்வளவு கூலி கொடுப்பார்களா?

1885-ல் ஜெர்மானிய விஞ்ஞானி பிராங்க் இந்தக் கூட்டுக்கு மைகோரைசா என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் பூசண வேர் என்று அர்த்தம். நம் விவசாயிகள் 'வேம்' என்கிறார்கள். பெயர் வைத்தது நேற்று, உறவு பழையது. ஸ்காட்லாந்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுப் பழமையான கல்லாய்ப்போன செடிகளுக்குள்ளேயே இந்தப் பூசணத்தின் அடையாளம் இருக்கிறது.

கடல் கடந்து வந்த மண்

கரீபியன் கடலில் போர்ட்டோ ரிக்கோ என்றொரு தீவு. அமெரிக்காவின் ஆளுகையில் இருப்பது. அங்கே பைன் மரம் இயற்கையில் கிடையாது. எப்படியாவது வளர்த்துவிடவேண்டும் என்று வன அதிகாரிகள் பல வருஷம் படாதபாடு பட்டார்கள். விதை முளைக்கும். கன்று சில அங்குலம் எழும்பும். பிறகு மஞ்சளித்து நின்றுவிடும், சாகும். மழைக்குக் குறைவில்லை. உரம் போட்டும் பயனில்லை. 1955-ல் வட கரோலினாவில் பைன் மரங்களின் அடியிலிருந்து கொஞ்சம் மண்ணைக் கொண்டுவந்து கன்றுகளின் வேரடியில் கலந்தார்கள். அந்தக் கன்றுகள் பச்சை பிடித்துக் கிடுகிடுவென்று வளர்ந்தன. மண் கிடைக்காத கன்றுகள் பக்கத்திலேயே குட்டையாக நின்றன. மண்ணோடு வந்தது உரமல்ல, பூசணம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1920-களிலேயே பைன் நாற்றங்காலில் இதே பாடத்தைப் படித்திருந்தார்கள். பிறகு டொனால்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, நிலக்கரி தோண்டிப் பாழான நிலங்களிலும் தகுந்த பூசணம் ஏற்றிய பைன் கன்றுகளை வளர்த்துக் காட்டினார்.

"அது பைன் கதை. நம் ஊர் வேம்புக்கும் புளிக்கும் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பைனோடு சேரும் பூசணம் காளானாகத் தரைக்குமேல் தலைகாட்டும். அதன் வித்து காற்றில் பறந்து ஊர் ஊராகப் போகும். வேம்பு, புளி, தேக்கு முதலியவற்றோடு சேருவது வேறு ஜாதி. வேருக்குள்ளேயே குடியிருக்கும். வெளியே குடை விரிக்காது, கண்ணுக்கும் தெரியாது. அதன் வித்து மண்ணுக்குள் இருப்பதால் காற்றில் எளிதாகப் பரவாது. உயிருள்ள வேர் இல்லாமல் அதனால் வளரவும் முடியாது. மேல்மண்ணை வழித்தெடுத்த இடத்தில், கல்குவாரிக் குவியலில், ஆழத்திலிருந்து தோண்டிக் கொட்டிய கரையில் அது அரிது. நாம் கன்று நடப் பிடித்துப் பிடித்துத் தேர்ந்தெடுப்பதும் அப்படிப்பட்ட இடங்களைத்தானே!

நாற்றங்காலில் நடப்பது இன்னும் விசேஷம். எங்கோ ஆழத்தில் வெட்டிய செம்மண், ஆற்று மணல், கொஞ்சம் எரு. கன்று சீக்கிரம் விற்கவேண்டும் என்பதற்காக ஒரு பிடி டி.ஏ.பி. மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் மரம் பூசணத்தைக் கிட்டே சேர்க்காது, கூலி கொடுப்பானேன்? அழுகல் வரக்கூடாது என்று மருந்தும் ஊற்றுகிறார்கள். மருந்துக்கு நல்ல பூசணம், கெட்ட பூசணம் என்று பேதம் தெரியுமா? கன்று பார்க்க ஜோராக இருக்கிறது. நட்ட இடத்தில் டி.ஏ.பி. இல்லை, துணையும் இல்லை.

"எங்கள் தாத்தா பூசணம் போட்டா மரம் வளர்த்தார்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். போடவில்லைதான். தோப்பில், பழைய மரத்தடியில் தானாக முளைத்த கன்றைப் பெயர்த்து, தாய்மண்ணோடு தூக்கிவந்து வைத்தார். பூசணம் கூடவே வந்தது. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நல்ல மேல்மண்ணும் பழைய மரங்களும் உள்ள இடத்தில் இதைப் புதிதாகப் போடுவதால் பெரிய வித்தியாசம் ஏற்படாமலும் போகலாம். கடையில் பாக்கெட்டில் விற்பதெல்லாம் பூசணமும் அல்ல. வெளிநாடுகளில் கடைச் சரக்கை வாங்கிச் சோதித்தபோது பலவற்றில் உயிரே இல்லை. ஒரு கிராமில் குறைந்தது இத்தனை உயிருள்ள வித்துக்கள் இருக்கவேண்டும் என்று நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. எத்தனை பேர் எண்ணிப் பார்த்து வாங்குகிறார்கள்? பொடியை நம்பிப் பணத்தைக் கொட்டச் சொல்லவில்லை. மக்காச்சோளத்தின் வேரில் இந்தப் பூசணத்தைப் பெருக்கும் முறையைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுக்கிறது. சுமார் 60 நாள் வேலை. வனத்துறை நாற்றங்கால் ஒவ்வொன்றிலும் இதற்கு ஒரு தொட்டி கட்டினால் என்ன? மரத்தடி மண் இன்னும் சுலபம். ஆனால் நூற்புழுவும் வேரழுகலும் அதோடு வரலாம், நோயில்லாத மரமாகப் பார்த்து எடுக்கவேண்டும்.

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவிகிதமாக உயர்த்துவதென்று 2022-ல் சர்க்கார் ஓர் இயக்கம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் நட்ட அன்றைக்கு எண்ணுவது போலவே மூன்றாவது வருஷமும் எண்ணவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அப்படி எண்ண ஆரம்பித்தால் நாற்றங்காலில் என்ன மண் போடுகிறார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

வருகிற மழைக்கு அதே ஏரிக்கரையில் மறுபடியும் நடப்போகிறார்களாம். பள்ளிக்கூட வாசலிலுள்ள பழைய புங்க மரத்தடியில் ஒரு கூடை மண் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு வைத்திருக்கிறேன். பாதிக் கன்றுகளுக்கு மட்டும் ஆளுக்கொரு பிடி போடுவேன், மீதிக்குப் போடமாட்டேன். எது எது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வேன்.