செண்பகாதேவிக்கு வழி கேக்காதீங்க மக்கா!

சாரல் ஆரம்பிச்சா போதும், தூத்துக்குடியில பாதிப் பேர் வேன் பிடிச்சுக் குத்தாலத்துக்குக் கிளம்பிடுவாங்க. ஊரைச் சுத்திக் கடல் கிடந்தாலும் தலையில விழுற தண்ணி நமக்கு இல்லையே! அதுல தப்பே கிடையாது. ஆனா இப்போ புதுசா ஒரு ஆசை கிளம்பியிருக்கு. பேரருவி கூட்டம், ஐந்தருவி கூட்டம், அதனால 'ஆளே இல்லாத அருவி' வேணுமாம். வனத்துறை கண்ணுல படாம செண்பகாதேவிக்கு எப்படி ஏறுறதுன்னு வீடியோ போடுறாங்க. "தடையை எடுத்தாத்தான் என்ன?"ன்னு நம்ம நண்பர்களே கேக்குறாங்க.

என் ஓட்டு தடைக்குத்தான்.

சித்ரா பௌர்ணமிக்கு அம்மன் கோயிலுக்கு அனுமதிக்கிறப்போ நானும் ஏறியிருக்கேன். பேரருவிக்கு மேல ரெண்டு மூணு கிலோமீட்டர் காட்டு நடை. வேரும் பாறையும்தான் படி. மேல போனா கோயிலை ஒட்டி அருவி, அதுக்குக் கீழ தடாகம். பார்த்ததும் குதிக்கணும்னுதான் தோணும். ஆனா அது ஆழம். அங்க உயிர்கள் போயிருக்கு.

பேரருவியில தண்ணி நேரா நம்ம தலையில விழறதில்லை. நடுவுல பொங்குமாங்கடல்ங்கிற பள்ளத்துல விழுந்து, பொங்கி, வேகம் தணிஞ்சுதான் இறங்குது. கீழ கம்பி இருக்கு, போலீஸ் இருக்கு. ஆளும் பேருமா இருக்கிற பழைய குற்றாலத்திலேயே 2024 மே 17 அன்னிக்குத் திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையனைக் கொண்டு போயிடுச்சு. கீழ நமக்கு மழையே இருக்காது, மேல மலையில கொட்டும். செண்பகாதேவியில நமக்கு யார் விசில் ஊதுவா?

"காசு இருக்கிறவன் ரிசார்ட்ல தனியா அருவி வச்சுக் குளிக்கிறான், நாங்க மட்டும் போகக் கூடாதா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கோபம். ஆனா அந்தத் தனியார் அருவிகளும் இதே ஆசையிலதான் முளைச்சுது. ஓடையையே திருப்பி விட்டாங்க. 2022ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு நடவடிக்கை எடுக்கச் சொல்ல வேண்டியதாப் போச்சு.

இன்னொண்ணு. அந்தத் தண்ணிதான் சிற்றாறா ஓடி, சீவலப்பேரியில தாமிரபரணியில கலந்து, நம்ம வீட்டுக் குழாய்க்கும் வருது. மிச்சம் புன்னக்காயல்ல கடல்ல சேருது. மண்ணைக் கொண்டு வந்து கொட்டியே கொற்கையைக் கடலை விட்டுத் தள்ளி வச்ச ஆறு இது. மேல நாம வீசுற ஷாம்பு பாக்கெட்டைக் கொண்டு வராதா?

திறந்தே ஆகணும்னா ஒரு நாளைக்கு இத்தனை பேர்னு கணக்கு, கூட ஒரு வழிகாட்டி, தடாகத்துல இறங்கத் தடை, மேல மழை பெஞ்சா அடிக்கிற எச்சரிக்கை மணி... இதெல்லாம் வரட்டும், அப்புறம் பேசலாம்.

அதுவரைக்கும் சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயிலுக்குப் போனீங்கன்னா படம் போடுங்க, நானும் பார்த்துப் பெருமூச்சு விடுறேன் :-) திருட்டு வழியை மட்டும் போடாதீங்க. அதை நம்பி ஏறப் போறது ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை.

மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல சண்டைக்கு வாங்க!