கால்கட்டு மருந்தாகாது

"வளர்ந்தால் சரியாகிவிடும். இல்லாவிட்டால் ஒரு கால்கட்டைப் போடுங்கள், தானாகப் பொறுப்பு வந்துவிடும்." ஆட்டிசமோ ஏ.டி.எச்.டி.யோ உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நம் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் இது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நான் மறுக்கிறேன். இந்த ஆறுதலால் கெட்ட வாழ்க்கைகள் ஏராளம்.

இரண்டுமே மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே வேர்விட்ட வேறுபாடுகள். 1943இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகில் பரவலாக அறியச் செய்தது. அதில் முதலாவதாக விவரிக்கப்பட்ட சிறுவன் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பியில், பிறந்த ஊரிலேயே வாழ்ந்து 2023இல் 89 வயதில் காலமானார். கல்லூரிப் பட்டம் பெற்றார், வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், நாடு நாடாகப் பயணம் போனார். ஆட்டிசம் கடைசிவரை கூடவே இருந்தது. குடும்பத்துக்கு வசதி இருந்தது உண்மைதான். அதைவிடப் பெரிது, ஊரே அவரை அவர் போக்கில் ஏற்றுக்கொண்டது.

ஏ.டி.எச்.டி. நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். வயது ஏற ஏற ஓட்டமும் துள்ளலும் பெரும்பாலும் அடங்கும். உடனே குணமாகிவிட்டது என்று வீடு நம்புகிறது. உள்ளுக்குள் ஓயாத பரபரப்பும் சிதறும் கவனமும் பலருக்கு அப்படியே தங்கிவிடுகின்றன. கரண்ட் பில்லுக்குக் கடைசி நாள் தெரியும், கையில் பணமும் இருக்கும், கட்டியிருக்க மாட்டார். பிடித்த வேலை என்றால் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்திருப்பார். "மனசு வச்சா முடியுதே, அப்ப இது திமிர்தானே?" என்கிறார்கள். ஆர்வமுள்ள இடத்தில் கவனம் ஒட்டிக்கொள்வதும், அவசியமான இடத்தில் எவ்வளவு முயன்றாலும் நழுவுவதும்தான் இந்தக் குறைபாட்டின் இயல்பே. வகுப்பில் சத்தமில்லாமல் வேறெங்கோ சஞ்சரித்த பெண் குழந்தைகளை ஆசிரியர்கள்கூடக் கவனிக்கவில்லை. அவர்களில் பலர்தான் இன்று 'பொறுப்பில்லாத மருமகள்' என்று பேச்சு வாங்குகிறார்கள்.

பெரியவர்களுக்கு ஏ.டி.எச்.டி. என்பது புது ஃபேஷன் என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருந்தால்தான் பெரியவருக்கு ஏ.டி.எச்.டி. என்று சொல்ல முடியும். ஒருவருக்கே ஆட்டிசமும் இதுவும் சேர்ந்திருக்கலாம் என்பதை ஏற்றதும் அதே கையேடுதான்.

இனி கால்கட்டு. காலையில் எழுப்புவது, சாவியைத் தேடித் தருவது, உறவினர் கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்வது என்று இத்தனை நாள் அம்மா சத்தமில்லாமல் சுமந்ததெல்லாம் ஒரே முகூர்த்தத்தில் மருமகள் தலையில் ஏறுகிறது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். கணவர் முகம் கொடுத்துப் பேசாதது தன்னைப் பிடிக்காததால் என்று அவள் அழுவாள். பழகிய ஒழுங்கெல்லாம் கலைந்த வீட்டில் அவரும் மூச்சுத் திணறுவார். இருவருக்கும் இழைக்கப்படும் அநீதி இது. மாமியார் வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு ஆட்டிசம் இருந்தால் பாடு இன்னும் கடுமை.

இவர்கள் மணம் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. துணையோடு நிறைவாக வாழ்பவர்கள் உண்டு. ஆட்டிசத்தை நீக்க மருந்து இல்லையென்றாலும் அதற்கேற்ப வீட்டையும் வேலையையும் அமைத்துக்கொள்ள முடியும், ஏ.டி.எச்.டி.க்குப் பெரியவர்களிலும் பலருக்கு மருந்து நன்றாகவே உதவுகிறது. 35 வயதானாலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். பெண் பார்க்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ கிளம்புவதற்கு முன் பாருங்கள். தெரியவந்ததை, மணக்கப்போகிறவரே தன் வருங்காலத் துணையிடம் சொல்ல இடம் கொடுங்கள்.