முதல் முறை பிடிபட்டவர் முதல் முறைதான் ஏமாற்றினாரா? எடையளவுச் சட்டத்தின் முன் நிற்கும் கேள்வி

புது தில்லி:

உத்தரப் பிரதேசத் தலைநகர் லக்னௌவில் 2017 ஏப்ரல் இறுதியில் மாநிலக் காவல் துறையின் சிறப்பு அதிரடிப் படை சில பெட்ரோல் விற்பனை நிலையங்களில் திடீர்ச் சோதனை நடத்தியது. பெட்ரோல் போடும் இயந்திரங்களுக்குள் சிறிய மின்னணு 'சிப்' பொருத்தி, அதை ரிமோட் மூலம் இயக்கி வந்தது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. இயந்திரத்தின் திரை ஒரு லிட்டர் என்று காட்டும். வண்டியின் டேங்கில் விழுவதோ அதைவிடக் குறைவு. அதிகாரி சோதிக்க வந்தால் ரிமோட்டை அழுத்தி அளவைச் சரிசெய்து விடலாம்.

இந்த முறைகேடு தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. எடையளவுக் குற்றங்களுக்கென 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் தனியாக இருப்பதால், இந்திய தண்டனைச் சட்டத்தில் எடையளவு குறித்த பிரிவுகளைப் பயன்படுத்த முடியாது என்று 2019 செப்டம்பரில் நீதிமன்றம் கூறியது. எனினும் மோசடிக் குற்றம் எடையளவுச் சட்டத்தின் வரம்புக்குள் வராததால், அதற்காக வழக்குத் தொடரத் தடையில்லை என்றும் தெளிவுபடுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் எடையளவுக் குற்றங்களுக்கான பழைய பிரிவுகள் இடம்பெறவில்லை. மோசடிக்கான பிரிவு தொடர்கிறது. எனவே, எடை, அளவுக் கருவிகளைப் பொருத்தவரை பொறுப்பு முழுவதும் எடையளவுச் சட்டத்தின் மீதே விழுந்துள்ளது.

அந்தச் சுமையைத் தாங்கும் வலிமை அச்சட்டத்துக்கு உண்டா? ஏமாற்றும் நோக்குடன் எடையையோ அளவையையோ மாற்றுவோருக்கு, சட்டம் இயற்றப்பட்டபோது முதல் முறைக்கு வகுக்கப்பட்ட தண்டனை 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் மட்டுமே. மீண்டும் அதே குற்றம் புரிந்தால்தான் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 5,000 லிட்டர் விற்கும் நிலையம் லிட்டருக்கு 50 மில்லி குறைத்தால், ஒரே நாளில் 250 லிட்டர் மிச்சமாகும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அது 22,500 ரூபாய். மூன்றே நாள் ஆதாயத்தில் அதிகபட்ச அபராதத்தைக் கட்டிவிட்டு, கையில் மீதமும் வைத்துக்கொள்ளலாம். இழப்பவரோ, அன்றாடக் கூலியில் ஒரு லிட்டருக்குப் பணம் நீட்டும் இரு சக்கர வாகன ஓட்டி.

இதற்கிடையே, வர்த்தகத்தை எளிதாக்கும் நோக்கில் தண்டனைகளைத் தளர்த்தும் போக்கு தில்லியில் வலுப்பெற்றுள்ளது. 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் எடையளவுச் சட்டத்தின் சில பிரிவுகளிலும் சிறைத் தண்டனையைத் தளர்த்தியது. 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமாகி, தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்ட அடுத்த மசோதா, தரமற்ற எடைகளைப் பயன்படுத்தி முதல் முறை சிக்குவோருக்குத் தவறைத் திருத்திக்கொள்ள அறிவிப்பு வழங்க முன்மொழிந்தது.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. முத்திரையிடும் தேதியைத் தவறவிட்ட காய்கறிக் கடைக்காரரையும், இயந்திரத்துக்குள் 'சிப்' ஒளித்தவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சிறு வியாபாரியை நீதிமன்றத்துக்கு அலைய விடுவதால் நுகர்வோருக்கு நன்மை ஏதுமில்லை. ஆனால், முதல் முறை பிடிபட்டவர் முதல் முறைதான் ஏமாற்றினார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பிழை எது, மோசடி எது என்பதைக் களத்தில் நடத்தும் சோதனையால் மட்டுமே பிரித்தறிய இயலும்.

சோதனையில்தான் சிக்கல் உள்ளது. எடைகற்களுக்கு 24 மாதங்களுக்கு ஒரு முறையும், மின்னணுத் தராசு, பெட்ரோல் இயந்திரம் போன்றவற்றுக்கு 12 மாதங்களுக்கு ஒரு முறையும் மறுமுத்திரை கட்டாயம். ஆய்வாளர் வரும் நாளில் சரியாகக் காட்டி, மற்ற நாள்களில் குறைத்துக் காட்டும் கருவியை இந்த ஏற்பாடு தடுக்காது. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம். களத்தில் அமல்படுத்துவது மாநில அரசுகளின் எடையளவு ஆய்வாளர்கள். ஆகவே, தண்டனையைத் தில்லி குறைக்கும்போது, கண்காணிப்பை மாநிலங்கள் கூட்டியாக வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்காவிட்டால் ஆதாயம் ஏமாற்றுவோருக்கே.

நுகர்வோருக்கும் ஓர் ஆயுதம் உண்டு. ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்திலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலன் இருக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் அதில் அளந்து காட்டும்படி கேட்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரும் செய்யலாம். ஆனால், தன் டேங்கில் 50 மில்லி குறைந்ததை எந்த வாடிக்கையாளரும் கண்ணால் கண்டுபிடித்துவிட முடியாது. அவருக்காக அளந்து பார்க்கவே அரசு ஆய்வாளர்களை நியமித்திருக்கிறது. முன்னறிவிப்பின்றி அவர்கள் அடிக்கடி சோதனைக்குச் செல்லும் நிலை ஏற்பட்டால்தான், முதல் தவறுக்குக் காட்டப்படும் கருணை நேர்மையான வியாபாரிக்குப் போய்ச் சேரும்.