மரை கழண்டா தூக்கிப் போடணுமா?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: இது நிஜமாவே நட்டு, போல்ட், மரை பத்தின பதிவு. தலைப்பைப் பார்த்துட்டு யாரையோ தாக்கி எழுதியிருக்கேன்னு ஆசையா ஓடி வந்தவங்க மன்னிக்கவும். :-)

நம்ம ஊர்ல புத்தி பிசகினவனை "மரை கழண்ட கேஸ்"னு சொல்லுவோம். இனிமே சரி பண்ண முடியாது, கை கழுவ வேண்டியதுதான்னு அர்த்தம். மனுஷனுக்கு எழுதுற அதே தீர்ப்பைத்தான் வண்டி என்ஜினுக்கும் எழுதிடறோம். என்ஜின்ல ஒரு ஓட்டையில மரை போச்சுன்னா ஒரு கடையில, "சார், கேஸ் போச்சு, புதுசுதான் போடணும்". அடுத்த கடையில, "விடுங்கண்ணே, ஒரு பெரிய போல்ட்டா அடிச்சு ஏத்திடறேன்". முதல் ஆள் நம்ம பர்ஸைக் காலி பண்றார். ரெண்டாவது ஆள் என்ஜினைக் காலி பண்றார்.

என் கட்சி இதுதான்: விரிசல் இல்லாத பாகத்துல மரை மட்டும் போயிருந்தா, அதைத் தூக்கிப் போடறதும் தப்பு, ஒப்பேத்தறதும் தப்பு. முறையா புது மரை வச்சா பழசை விட உறுதியாவே இருக்கும். இது தெரியாததால நாம காசை இழக்கிறோம். தெரிஞ்ச மெக்கானிக்கும் வாயைத் திறக்க மாட்டேங்கறார்.

மொதல்ல மரை ஏன் போகுதுன்னு பார்ப்போம்.

பைக் என்ஜின்ல கிராங்க் கேஸ், ஹெட், சைடு கவர் எல்லாம் அலுமினியம். அதுல இறங்குற போல்ட் ஸ்டீல். ரெண்டும் இழுத்துக்கிட்டா எப்பவும் அலுமினியம்தான் தோத்துப் போகும். சைடு கவர்ல இருக்கிற 6 மில்லி போல்ட்டுக்கு சாதாரணமா 10 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் முறுக்கச் சொல்லுவாங்க. அந்த அளவுலயே அந்த குட்டி போல்ட் கவரை எவ்வளவு விசையில இழுத்துப் பிடிக்குது தெரியுமா? சுமார் 800 கிலோ! ஒரு சின்ன காரைத் தொங்கவிடற அளவு. அவ்வளவையும் தாங்கறது சில சுத்து அலுமினிய மரை. அதுலயும் முதல் ரெண்டு மூணு சுத்துதான் பெரும்பாரத்தைச் சுமக்குது.

சரி, 10 நியூட்டன் மீட்டர்னா கைக்கு எவ்வளவு? அரை அடி ஸ்பானரோட நுனியில சுமார் 7 கிலோ இழுப்பு. அவ்வளவுதாங்க. நம்ம பையன் பல்லைக் கடிச்சுக்கிட்டு "டைட்டா இருக்கட்டும் சார்"னு ஒரு இழுப்பு இழுப்பான் பாருங்க, அது இதை விட ரெண்டு மூணு மடங்கு ஈஸியா போயிடும். மரையில ஆயில் இருந்தா இன்னும் மோசம். உராய்வு குறையறதால அதே முறுக்குக்கு இழுவிசை கூடிடும். இப்ப கடைக்குக் கடை இம்பாக்ட் கன் வேற வந்தாச்சு. கவர் போல்ட்டுக்கெல்லாம் அதை வச்சு "டர்ர்ர்"னு ஒரு சத்தம்... கேட்கும்போதே எனக்கு வயித்தைக் கலக்கும்.

ஆயில் டிரெயின் போல்ட் கதை இன்னும் வேடிக்கை. அந்த இடத்துல ஆயிலைத் தடுக்கிறது மரை கிடையாது, போல்ட் தலைக்கு அடியில இருக்கிற வாஷர். அந்த வாஷர் ஒரு தடவை நசுங்கி உட்கார்றதுக்காகச் செஞ்சது. அதையே ஏழெட்டு ஆயில் சர்வீஸுக்குத் திரும்பத் திரும்பப் போடுவாங்க. கசியும். கசிஞ்சா என்ன பண்ணுவாங்க? இன்னும் முறுக்குவாங்க. இன்னும் கசியும். இன்னும் முறுக்குவாங்க. ஒருநாள் போல்ட் சும்மா சுத்தும். சில ரூபாய் வாஷரை மிச்சம் பிடிச்சு கிராங்க் கேஸ் மரையைக் காவு கொடுத்தாச்சு.

ஸ்பார்க் பிளக் இன்னொரு பாவப்பட்ட ஜென்மம். சின்ன பைக்குகள்ல வர்ற 10 மில்லி பிளக்குக்கும் 10-12 நியூட்டன் மீட்டர் போதும். வண்டி கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது கழட்டறது, கையால நாலு சுத்து ஏத்தாம நேரா ஸ்பானரைப் போட்டுக் கோணலா ஏத்தறது, இந்த ரெண்டுதான் அதுக்கு எமன்.

இனி ஒப்பேத்தல் வைத்தியங்களைப் பார்ப்போம். எல்லாமே நான் கண்ணால பார்த்தவைதான்.

1. டெஃப்லான் டேப் சுத்தி ஏத்தறது: குழாய்க்குச் சரி. இங்க மரையே இல்லையே, டேப் எதைப் பிடிக்கும்?

2. எம்-சீல், அனாபாண்ட் அப்பறது: கசிவை நாலு நாள் மறைக்கும். இழுவிசையைத் தாங்காது. அடுத்த தடவை கழட்டும்போது மிச்சம் மீதி இருக்கிற அலுமினியமும் பிஞ்சு வரும்.

3. ஒரு சைஸ் பெரிய போல்ட்டையே அடிச்சு ஏத்தறது: ஸ்டீல் போல்ட் அலுமினியத்தைக் கிழிச்சுக்கிட்டுக் கோணலா இறங்கும். சுத்தி இருக்கிற சுவர் மெலிசா இருந்தா விரிசல் விடும். அப்ப நிஜமாவே கேஸ் போச்சு.

4. சும்மா விட்டுடறது: "மத்த ஏழு போல்ட் பிடிச்சுக்கும் சார்". டிரெயின் போல்ட்ல இந்த வைத்தியம் பண்ணி அது ரோட்டுல விழுந்தா, ஆயில் போய் என்ஜின் பிடிச்சுக்கும். அந்த ஆயில் பின் டயர்ல பட்டா வண்டி வழுக்கி ஆளே விழுவோம். இது காசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை.

அப்ப சரியான வழி என்ன?

ஹெலிகாயில்னு சொல்ற கம்பிச் சுருள். துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியை மரை வடிவத்துல சுருட்டி வச்சிருப்பாங்க, பார்க்க சின்ன ஸ்பிரிங் மாதிரி இருக்கும். 6 மில்லி ஓட்டைன்னா சுமார் 6.3 மில்லி டிரில் போட்டு, அதுக்குன்னே வர்ற தனி டேப்பால மரை வெட்டி, சுருளைக் கருவியில மாட்டி உள்ளே திருகணும். மேல் மட்டத்துல இருந்து கால் சுத்து, அரைச் சுத்து கீழே இருக்கணும். கடைசியில அடியில இருக்கிற கொக்கியை ஒடிச்சு வெளிய எடுத்துடணும். சுருள் விரிய முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கிறதால தானாவே இறுகிப் பிடிச்சுக்கும். பழைய போல்ட்டே, பழைய அளவிலேயே ஏறும்.

இது எப்படி ஒரிஜினலை விட உறுதி? கணக்கு ரொம்ப சிம்பிள். அலுமினியத்துல இப்ப பிடிக்கிற மரையோட வெளி விட்டம் 6 மில்லிக்குப் பதிலா சுமார் 7.3 மில்லி. அதாவது அலுமினியத்தோட பிடிமானப் பரப்பு ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல். போல்ட் உரசறதும் ஸ்டீல் மேலதான், அதனால கழட்டி மாட்டினாலும் சீக்கிரம் தேயாது.

"அதெல்லாம் சரிங்க, என்ன இருந்தாலும் ரிப்பேர் ரிப்பேர்தானே?" அப்படின்னு கேட்பீங்க. லைகமிங் விமான என்ஜின்ல ஸ்பார்க் பிளக் ஓட்டைக்குள்ள கம்பெனியிலயே ஹெலிகாயில் போட்டுத்தான் வருது. ஆகாயத்துல பறக்கிறதுக்குப் போதுமானது, அண்ணா சாலையில ஓடறதுக்குப் போதாதா?

அமெரிக்காவுல ஃபோர்டோட 4.6, 5.4, 6.8 லிட்டர் என்ஜின்கள் 1997 முதல் வந்த பல வண்டிகள்ல பேர் போனவை. எதுக்கு? ஓடிக்கிட்டிருக்கும்போதே ஸ்பார்க் பிளக் மரையோட பிச்சுக்கிட்டு வெளிய தெறிக்கிறதுக்கு. பிளக்கைப் பிடிக்க ஹெட்ல நாலு சுத்து மரைதான் வச்சிருந்தாங்க. 2007-ல அந்தக் கம்பெனியே தன் டீலர்களுக்கு அனுப்பின சர்வீஸ் அறிவிப்புல, ஹெட்டை மாத்தாம ஓட்டைக்குள்ள மரைப் புஷ் போட்டுச் சரி பண்ற முறையை ஏத்துக்கிச்சு. அதே மாதிரி ஜெனரல் மோட்டார்ஸோட நார்த்ஸ்டார் வி8-ல ஹெட் போல்ட் மரை அலுமினிய பிளாக்ல இருந்து பிடுங்கிக்கிட்டு வரும். அதுக்கும் டைம்-செர்ட் புஷ்தான் மருந்து. கார் கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்ட வைத்தியத்தை நம்ம ஊர் சர்வீஸ் கவுன்டர்ல கேட்டா, ஏதோ திருட்டுத்தனம் பண்ணச் சொன்ன மாதிரி பார்க்கறாங்க.

எங்க தெருவுல ஒரு தம்பியோட பைக்குக்கு இதான் நடந்தது. டிரெயின் மரை போச்சு. ஒரு சர்வீஸ் சென்டர்ல "கிராங்க் கேஸ் மாத்தணும்"னு எஸ்டிமேட் கொடுத்துட்டாங்க. அந்தப் பையன் டெலிவரி வேலை பார்க்கிறவன், வண்டி நின்னா அன்னிக்கு வருமானம் நின்னது. காசை விடுங்க, இன்னொரு வில்லங்கம் இருக்கு. என்ஜின் நம்பரை அடிச்சிருக்கிறதே கிராங்க் கேஸ் மேலதான். அந்தப் பாதியை மாத்தினா ஆர்.சி.யில இருக்கிற நம்பரும் வண்டியில இருக்கிற நம்பரும் ஒத்துப் போகாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறி மாத்தணும். இல்லேன்னா நாளைக்கு விற்கும்போதோ இன்சூரன்ஸ் கேட்கும்போதோ திருட்டு வண்டியான்னு கேள்வி வரும். ஒரு ஓட்டைக்காக இவ்வளவும் தேவையா?

லேத் பட்டறை அண்ணன் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பார்த்துட்டு, "இதுக்கா கேஸை மாத்தச் சொன்னாங்க? உட்காருங்க, டீ வரும்"னார். ஸ்டீல்ல புஷ் கடைஞ்சு, வெளியிலயும் உள்ளேயும் மரை வெட்டி, லாக்டைட் போட்டு இறக்கினார். புது வாஷர் போட்டு மூடினார். சாயங்காலம் பையன் வேலைக்குப் போயிட்டான். ஹெலிகாயில்ங்கிற பேரைக் கேள்விப்படறதுக்கு முன்னாடியே நம்ம பட்டறைகள்ல இந்த புஷ் வேலை நடந்துக்கிட்டுதான் இருக்கு. நாமதான் அதை "லோக்கல் வேலை"ன்னு கீழா பார்க்கப் பழகிட்டோம்.

எல்லா இடத்துலயும் இது சரி வருமான்னா, வராது. பாகத்துல விரிசல் இருந்தாலோ, ஓட்டையைச் சுத்திச் சதையே இல்லேன்னாலோ வெல்டிங் பண்ணித் திரும்ப டிரில் போடணும், இல்லேன்னா மாத்தித்தான் ஆகணும். பிளக் ஓட்டைக்கு என் ஓட்டு கம்பிச் சுருளை விட முழுப் புஷ்ஷுக்குத்தான். அதையும் ஹெட்டைக் கழட்டி வச்சுச் செய்யறது நல்லது. உள்ள விழற அலுமினியத் தூள் சிலிண்டரைக் கீறிடும். டிரில் நேரா இறங்கணும், அதுக்கு டிரில் பிரஸ் வேணும். கை டிரில்லை வச்சுக்கிட்டு "பார்த்துக்கலாம் சார்"ங்கிற ஆள்கிட்ட கொடுக்காதீங்க.

இதுல பழியை ஸ்பானர் பிடிக்கிற பையன் தலையில போடறதுல எனக்கு உடன்பாடு இல்லை. அவனுக்கு யாரும் டார்க் ரென்ச்சைக் கையில கொடுக்கலை, எவ்வளவு முறுக்கணும்னு சொல்லியும் தரலை. மரை போனா அவன் சம்பளத்துல பிடிப்பாங்க. அதனால சொல்லாம எம்-சீலை அப்பி அனுப்பறான். முதலாளி ஒரு டார்க் ரென்ச் வாங்கி வைக்கணும். "மரை போயிடுச்சு, புஷ் போட்டிருக்கு"ன்னு பில்லுல எழுதித் தரணும். அப்படி எழுதின பில்லைப் பார்த்து நாமளும் சண்டைக்குப் போகாம இருக்கணும். உண்மையைச் சொன்னவனைத் திட்டிட்டு, மறைச்சவன்கிட்டயே திரும்பத் திரும்ப வண்டியை விடறோமே, அது என்ன நியாயம்?

அடுத்த தடவை ஆயில் மாத்தும்போது "புது வாஷர் போடுங்க தம்பி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. மரை போச்சுன்னு சொன்னா "புஷ் போடலாமா, ஹெலிகாயில் போடலாமா?"ன்னு கேளுங்க. எதிர்ல இருக்கிறவர் முழிச்சா, வண்டியைத் தள்ளிக்கிட்டாவது பக்கத்து லேத் பட்டறைக்குப் போயிடுங்க.

உங்க ஊர்ல இந்த வேலையை நல்லா செய்யற பட்டறை இருந்தா எந்தத் தெருன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே, யாருக்காவது உதவும்.